ரீப்பரில் எழுதி சர்ஜில் வாசிக்க: மெய்நிகர் மிடி போர்ட் அமைக்கும் முறை

ரீப்பர் என்பது இசையைப் பதிவு செய்து தொகுக்கும் மென்பொருள்; சர்ஜ் என்பது ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருள். ரீப்பரில் எழுதும் ஸ்வரங்களை மிடி வழியாக சர்ஜுக்கு அனுப்புவதுதான் இங்கே வேலை. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: மிடி ஒலி இல்லை, இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை. "60-ஆம் எண் கட்டையை 100 அளவு விசையில் அழுத்து, இப்போது விடு" என்கிற மாதிரியான கட்டளைகள்தான் அதில் போகும். 1983-இல் மிடி வந்தபோது அவற்றைக் கொண்டுபோக ஐந்து முள் கேபிள் இருந்தது. ஒரே கணினிக்குள் இருக்கும் இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே கேபிளை எங்கே சொருகுவது? அதற்குத்தான் மெய்நிகர் போர்ட்: கேபிள் இல்லாமல் மென்பொருளிலேயே உருவாக்கும் இணைப்பு வாசல்.

மேக்கில் இது கூடவே வருகிறது. ஆடியோ மிடி செட்டப்பில் ஐஏசி டிரைவரைத் திறந்து ஆன்லைன் என்பதை டிக் செய்தால் போதும். விண்டோஸில் பலரும் பயன்படுத்துவது டோபியாஸ் எரிக்சன் எழுதிய லூப்மிடி. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்.

1. லூப்மிடியை நிறுவித் திறங்கள். கீழே பெயர் எழுதும் இடத்தில் "பாலம்" என்றோ வேறெதுவோ எழுதி, + பொத்தானை அழுத்துங்கள். போர்ட் தயார். லூப்மிடி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் போர்ட்டும் இருக்கும், அதனால் அதை மூடிவிடாதீர்கள்.

2. ரீப்பரை இதற்குப் பிறகு திறப்பது நல்லது. பல மென்பொருள்கள் தொடங்கும்போது மட்டுமே போர்ட் பட்டியலைப் படிக்கின்றன. ப்ரிஃபரன்சஸில் மிடி பகுதிக்குப் போய், அவுட்புட் பட்டியலில் "பாலம்" போர்ட்டை எனேபிள் செய்யுங்கள். இன்புட் பட்டியலிலும் அதே பெயர் தெரியும். அதைத் தொடவே வேண்டாம், காரணம் கடைசியில்.

3. ஸ்வரங்களை எழுதப்போகும் ட்ராக்கின் ரூட்டிங் பொத்தானை அழுத்தி, மிடி ஹார்ட்வேர் அவுட்புட்டில் "பாலம்" போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

4. ரீப்பருக்குள் இல்லாமல் தனியாக ஓடும் சர்ஜ் எக்ஸ்டி சிந்தசைசரைத் திறந்து, ஆடியோ/மிடி செட்டிங்ஸில் மிடி இன்புட்டாக "பாலம்" போர்ட்டை டிக் செய்யுங்கள்.

ட்ராக்கில் நான்கு ஸ்வரங்கள் எழுதி ப்ளே அழுத்துங்கள்.

சத்தமே வரவில்லையா? எல்லா அமைப்பையும் ஒரேயடியாக மாற்றிப் பார்க்காதீர்கள். லூப்மிடி ஜன்னலில் போர்ட் பெயருக்குப் பக்கத்தில், எவ்வளவு டேட்டா கடந்தது என்ற கணக்கு இருக்கும். அந்த எண் ஏறவில்லை என்றால் கோளாறு ரீப்பர் பக்கம்: 2, 3 படிகளைத் திரும்பப் பாருங்கள். எண் ஏறுகிறது, ஆனால் ஒலி இல்லை என்றால் சர்ஜ் பக்கம். அங்கே மிடி இன்புட் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் ஏசியோ டிரைவர், அதாவது விண்டோஸில் இசை மென்பொருளை ஒலிச் சாதனத்தோடு தாமதமின்றி இணைக்கும் டிரைவர். பல ஏசியோ டிரைவர்கள் ஒரு மென்பொருளுக்கு மட்டுமே இடம் கொடுக்கும்; ரீப்பர் அதைப் பிடித்துக்கொண்டால் சர்ஜ் ஊமையாகிவிடும். சர்ஜில் சாதன வகையை விண்டோஸ் ஆடியோ என்று மாற்றி, ஹெட்போன் செருகியிருக்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இனி அந்த இன்புட் விஷயம். ரீப்பரில் "பாலம்" போர்ட்டை இன்புட்டாகவும் திறந்து, எல்லா மிடி இன்புட்டையும் கேட்கும் ட்ராக்கில் மானிட்டரிங்கும் (உள்ளே வருவதை உடனே வெளியே விடும் அமைப்பு) போட்டிருந்தால், அனுப்பிய ஸ்வரமே திரும்ப உள்ளே வந்து மறுபடி வெளியே போகும். இந்தச் சுழல் நிற்காது. லூப்மிடி இதைக் கண்டுபிடித்தால் போர்ட்டை முடக்கிவிடும். அப்படி நடந்தால் ரீப்பரில் இன்புட்டை எடுத்துவிட்டு, போர்ட்டை அழித்து மறுபடி உருவாக்குங்கள்.