மருத்துவமனையில் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் வழி

காது கேளாத நோயாளிக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதை மருத்துவமனையின் தயவுக்கு விட்டுவிடக் கூடாது. வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று நோயாளியால் சொல்ல முடியாமல், தமக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் தெரியாமல் நடப்பதைச் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. நம் மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் கேட்டால்தான் நடக்கிறது. அதையும் எழுத்தில் கேட்பதே நல்லது.

கேட்பதற்கு அடிப்படை, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதன் 25ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் என்ற சொல் இல்லை. அதைக் காட்டியே மறுக்க இடமுண்டு. எனவே கடிதத்தில் 2ஆம் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். தகவல்தொடர்பு என்பதற்கு அங்கே தரப்பட்டுள்ள விளக்கத்தில் சைகை மொழி இடம்பெறுகிறது. நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்று அதே பிரிவு வரையறுக்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் விலக்கு உண்டுதான். ஆனால் அறுவை அரங்கு நடத்தும் ஒரு மருத்துவமனை, ஒரு மணி நேர மொழிபெயர்ப்பைச் சுமை என்று சொல்வது பொருந்தாது.

கடிதத்தை முன்பதிவு செய்யும் நாளிலேயே கொடுங்கள். தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு என்பதால் முந்தைய நாள் கேட்டால் கிடைப்பது அரிது. இப்படி எழுதலாம்: “நான் காது கேளாதவர். இந்தியச் சைகை மொழியில் பேசுகிறேன். இந்தத் தேதியில், இந்த மருத்துவரைச் சந்திக்கும்போது, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருக்க, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 2, 25 ஆகிய பிரிவுகளின்படி ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவாக இருந்தால் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும், நோயாளி வீட்டாருடன் பேசப் பழகிய வீட்டுச் சைகைகள் மட்டுமே அறிந்தவர் என்றால் அந்த விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

“வீட்டில் யாரையாவது கூட்டி வாருங்கள்” என்ற பதில் வரக்கூடும். துணைக்கு உறவினர் வரட்டும். மொழிபெயர்ப்பை அவரிடம் விட வேண்டாம். மருத்துவர் ஐந்து நிமிடம் விளக்கியதை, பயமுறுத்த வேண்டாம் என்ற அன்பினால், “ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்று அண்ணனோ அம்மாவோ சுருக்கிவிடுவார்கள். கருச்சிதைவு, மாதவிடாய், பால்வினை நோய் போன்றவற்றைப் பற்றிக் கணவரோ மாமியாரோ இடையில் நிற்கும்போது ஒரு பெண்ணால் மனம்விட்டுச் சொல்ல முடியாது. அடிபட்ட காயத்துடன் வந்திருந்தால், அடித்தவரே மொழிபெயர்ப்பவராக நிற்கவும் கூடும். பள்ளி செல்லும் பிள்ளையிடம் தாயின் புற்றுநோயைச் சொல்லச் சொல்வது கொடுமை. தாளில் எழுதிக்காட்டுவதும் எல்லோருக்கும் உதவாது. சைகை மொழியின் இலக்கணம் வேறு. பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியே.

எதை விட்டுக்கொடுத்தாலும் சம்மதப் படிவத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றை நோயாளி அறிந்து தருவதே செல்லத்தக்க சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவுபடுத்தியது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஒரு படி மேலே சென்று, தகவலைச் சைகை மொழியிலும் தரலாம் என்று 4ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்திடாதீர்கள். விளக்கம் முடிந்ததும், புரிந்துகொண்டதை நோயாளி தம் சைகையில் திருப்பிச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்தில் மட்டும் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. அப்போது காணொலி அழைப்பில் ஒருவரை இணைத்து, நிலைமை சீரானதும் எல்லாவற்றையும் மீண்டும் முழுமையாக விளக்கச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. அவர் மருத்துவருக்குப் பக்கத்தில், வெளிச்சம் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். மருத்துவர் நோயாளியைப் பார்த்தே பேச வேண்டும். முகபாவம் சைகை மொழியின் இலக்கணத்தைச் சேர்ந்தது என்பதால், முகக்கவசம் அணிய வேண்டிய இடத்தில் வாய் தெரியும் ஒளிபுகும் கவசம் நல்லது. குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை, நோயாளி அதிகம் பயன்படுத்தும் கையின் மணிக்கட்டில் குத்திக் கட்டுப்போட்டுவிட்டால் அவருடைய பேச்சே பாதி நின்றுபோகும். மற்றக் கையில், முழங்கைக்குக் கீழே முன்கையில் போடச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் காதுக்கருவியை அணிந்து செல்ல முடியாது. மூச்சை அடக்க, விட என்ன அடையாளம் என்பதை உள்ளே போகும் முன்பே பேசிவைக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்கும் வரையிலும், நினைவு திரும்பும்போதும் மொழிபெயர்ப்பாளர் அருகில் இருக்கவும், கண்ணாடி அணிபவருக்கு உடனே அதைத் தரவும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய மருத்துவமனை மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தாலும், யார், எந்த நேரத்தில், என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதிவைத்து, மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு புகாரும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒரு புகாரும் அனுப்புங்கள். விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், அதைப் பெற்ற அமைப்பு தான் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு விதிக்கிறது. ஒப்புகை பெற்ற கடிதம், அடையாள அட்டை நகல், சிகிச்சைப் பதிவுகள் ஆகிய மூன்றையும் புகாருடன் இணைக்க வேண்டும். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறைகள் கூறுவதால், அந்த விண்ணப்பத்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.