பான்ஷீ எஞ்சினில் இக்னிஷன் டைமிங்கை முன்னே நகர்த்துவது எப்படி?

யமஹா பான்ஷீயின் ஸ்டேட்டர் தட்டை (பொறிக்கு மின்சாரம் தரும் காயில்கள் பொருத்திய தட்டு) நான்கு டிகிரி திருப்பி, பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சற்று முன்னதாக்கினால், நடுத்தர வேகத்தில் வண்டி இழுக்கும் விதமே மாறிவிடும். செலவு குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும். அளவு மிஞ்சினால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும் என்பதும் உண்மை. அதனால் குத்துமதிப்பாக அல்லாமல் அளந்து செய்யும் முறையை எழுதுகிறேன்.

பான்ஷீ 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்பனையான ஏடிவி, அதாவது மணல், மேடு பள்ளங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஆர்இசட் 350 பைக்கின் எஞ்சினிலிருந்து வந்தது. நம் ஊரில் ஓடிய ராஜ்தூத் 350 இதற்குத் தூரத்து உறவு. அதில் பொறியை விடும் இயந்திர சுவிட்சான பாயின்ட் செட் இரண்டு இருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டைமிங் வைக்க வேண்டும். பான்ஷீயில் அதற்குப் பதிலாக சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி இருக்கிறது. ஒரே காயில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி அனுப்புகிறது. எனவே தட்டை ஒருமுறை திருப்பினால் இரண்டு சிலிண்டருக்கும் டைமிங் மாறிவிடும்.

முன்னே நகர்த்தினால் என்ன நடக்கிறது

பொறி விழுந்த கணத்திலேயே பெட்ரோல் கலவை முழுவதும் எரிந்துவிடாது. தீ பரவ நேரம் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழுகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் தண்டை நன்றாகத் தள்ளும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடிதான் ஆகிறது. நான்கு டிகிரி என்பது அதில் 0.083 மில்லி விநாடி. அவ்வளவு சிறிய மாற்றத்தைத்தான் ஓட்டும்போது உணர்கிறோம்.

பொறி மிகவும் முந்திவிட்டால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் அதன் தலையில் மோதும். வெப்பம் ஏறும், எரியாமல் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. வயிறு பருத்த சைலன்சருக்குள் ஓடும் அழுத்த அலைதான் சிலிண்டரை மீண்டும் நிரப்ப உதவுகிறது. அலையின் வேகம் புகையின் வெப்பத்தைப் பொறுத்தது. டைமிங்கை முன்னே நகர்த்தினால் வெப்பம் சிலிண்டருக்குள்ளேயே செலவாகி, புகை சற்றுக் குளிர்ந்து வெளியேறும். அலை மெதுவாகும், சைலன்சர் ஒத்துழைக்கும் சுழற்சி வேகமும் கீழே இறங்கும். ஆகவே நடுவில் பலம் கூடும், உச்ச வேகத்தில் கொஞ்சம் குறையும். மணல் மேட்டில் பள்ளத்திலிருந்து இழுத்து ஏறுகிறவருக்கு இது லாபம். நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சினை உச்சத்திலேயே வைத்து ஓட்டுகிறவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

தொடங்குமுன்

இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கார்பரேட்டர் ஜெட் சிறியதாகிக் கலவை வறண்டிருந்தாலோ (பெட்ரோல் குறைவாக இருந்தாலோ), எங்காவது காற்றுக் கசிவு இருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே சூடாக ஓடும் எஞ்சினில் டைமிங்கை முன்னே வைப்பது அதை அழிப்பதற்குச் சமம்.

தேவையான கருவிகள்: ஃபிளைவீலை (எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) இழுத்துக் கழற்றும் சரியான அளவு புல்லர், ஃபிளைவீலைப் பிடிக்கும் பட்டைக் கருவி, டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட், கூரான கோடு கீறி. ஜப்பானிய ஸ்குரூக்களுக்கு ஏற்ற ஜேஐஎஸ் முனை ஸ்குரூ டிரைவரையே பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்டார் முனை அந்தத் தலைகளை வழித்துவிடும்.

வேலை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி நியூட்ரலில் வைத்து, கியர் லீவரையும் இடப்பக்க மூடியையும் கழற்றுங்கள். இந்தப் பக்கம் உலர்ந்தது, ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதே ஃபிளைவீலில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு குறி வையுங்கள். பிறகு மூடி இல்லாமலே எஞ்சினை ஓட்டி, டைமிங் லைட் அடித்து, பொறி விழும்போது அந்தக் குறி எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அதற்கு நேராக எஞ்சின் உடலிலும் ஒரு குறி வைத்து, எத்தனை ஆர்பிஎம்மில் பார்த்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சிடிஐ வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும், அதனால் பிறகும் அதே ஆர்பிஎம்மில்தான் ஒப்பிட வேண்டும்.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, பிளக்குகளைக் கழற்றிக் கிக்கரை மெதுவாக மிதித்து ஃபிளைவீல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். ஃபிளைவீலின் நிலையை உணர்ந்து சிடிஐக்குச் சொல்லும் பிக்கப் காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து குறியுங்கள்.

பட்டைக் கருவியால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். புல்லரின் மரை முழுவதும் உள்ளே போன பிறகே நடு போல்ட்டை இறுக்குங்கள். அசையாவிட்டால் போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு சிறு தட்டுத் தட்டினால் விடுபடும். ஃபிளைவீலையே அடிப்பதும், பின்னால் கம்பி விட்டு நெம்புவதும் கூடவே கூடாது. காந்தம் உடையும், தண்டு வளையும். உள்ளே இருக்கும் சிறிய அரைவட்டச் சாவி விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டேட்டர் தட்டு கண்ணுக்குத் தெரியும். தட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் குறுக்கே ஒரே நேர்கோடு கீறுங்கள். எப்போது வேண்டுமானாலும் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்ப இந்தக் கோடுதான் வழி. தட்டின் விட்டத்தை அளந்து 3.14 ஆல் பெருக்கி 360 ஆல் வகுத்தால், விளிம்பில் ஒரு டிகிரிக்கு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். விட்டம் 100 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 0.87 மி.மீ., நான்கு டிகிரிக்கு 3.5 மி.மீ. கம்பெனித் தட்டில் திருப்ப இடம் போதாது. ஸ்குரூ துளைகளை வட்ட அரத்தால் நீளமாக்கலாம். டிகிரி கோடுகள் பொறித்த மாற்றுத் தட்டை வாங்கிப் போடுவதே எனக்குப் பிடித்த வழி.

ஃபிளைவீல் சுழலும் திசைக்கு எதிராகத் தட்டைத் திருப்பினால் டைமிங் முன்னே நகரும். பான்ஷீயில் இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஃபிளைவீல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும், ஆகவே தட்டைக் கடிகார முள்ளின் திசையில் திருப்ப வேண்டும். முதல் முறை செய்பவர் 2 டிகிரியில் நிறுத்துங்கள். சாதாரண எஞ்சினுக்கு 4 டிகிரியே எல்லை.

ஸ்குரூக்களில் நீல நிற மரைப்பசை தடவி இறுக்குங்கள். தண்டின் கூம்பையும் ஃபிளைவீலின் உட்புறத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடி நழுவிச் சாவி அறுந்துவிடும். சாவியைப் பொருத்தி ஃபிளைவீலை ஏற்றி, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். பிக்கப் இடைவெளி பழைய அளவிலேயே இருக்க வேண்டும்.

மீண்டும் டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். வெள்ளைக் குறி நகர்ந்த தூரத்தை, ஃபிளைவீலின் விட்டத்தை வைத்து மேலே சொன்ன கணக்கிலேயே டிகிரியாக்குங்கள். நீங்கள் நினைத்த அளவோடு பொருந்தினால் மூடியை மாட்டலாம்.

ஓட்டிப் பார்த்தல்

கிக் அடிக்கும்போது கிக்கர் காலைத் திருப்பி உதைத்தால் அளவு மிஞ்சிவிட்டது. தண்ணீர் சூழ்ந்த டூ ஸ்ட்ரோக்கில் நாக்கிங் சத்தம் எளிதில் காதில் விழாது, ஆகவே பிளக்கைத்தான் நம்ப வேண்டும். புதிய பிளக் போட்டு, முழு த்ராட்டிலில் சற்று ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் உடனே தட்டைப் பின்னே திருப்புங்கள். பொறி தாவும் வளைந்த பட்டையில் நிறம் மாறும் கோடு வளைவின் நடுவில் இருந்தால் நல்லது. அடிப்பகுதிக்கு இறங்கியிருந்தால் டைமிங் அதிகம்.

பெட்ரோல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 91 அல்லது 93 ஆக்டேன் என்று எழுதிய பிரீமியமே போடுங்கள். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேடுகள் போன்ற தாழ்வான இடத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும், மணலும் எஞ்சினை ஓயாமல் இழுக்கவைக்கும். உயரமான மலைப்பகுதியில் தாங்கிய 4 டிகிரி அங்கே தாங்காமல் போகலாம். இடம் மாறும்போது பிளக்கை மறுபடியும் பாருங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து, தட்டின் ஸ்குரூக்களும் ஃபிளைவீல் நட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.