முதல் ஓவிய ஏடு வாங்கும் முன் லென்ஸை எடுங்கள்

ஐரோப்பாவின் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளிலிருந்து பிரிந்த ஒரே ஒரு ஏடாவது, அதாவது ஒற்றைத் தாளாவது, சொந்தமாக வேண்டும் என்று அலைந்து, முதல் ஏட்டிலேயே ஏமாந்தவன் நான். ஏமாந்தது என் அவசரத்தால்தான். அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஒரு சொல் பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கன்றுத் தோலில் செய்த எழுதுதளத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘வெல்லம்’ என்றாகி மளிகைக் கடை நினைவு வருகிறது. எனவே தோல்தாள் என்றே எழுதுகிறேன்.

படி 1: படத்தை விடுங்கள், எழுத்தை வாங்குங்கள்

தொடக்கத்துக்கு ஏற்றது ‘புக் ஆஃப் அவர்ஸ்’ ஏடு. துறவிகள் அல்லாத சாதாரண மக்கள் வேளாவேளைக்கு ஜெபிக்க வைத்திருந்த நூல் இது. 15ஆம் நூற்றாண்டில் பாரிஸ், ரூவாங், ப்ரூஜ் பட்டறைகள் இதை எழுதிக் குவித்ததால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. முழுப்பக்க ஓவியம் உள்ள ஏட்டின் விலையில் பல எழுத்து ஏடுகள் வாங்கலாம். பொன் தலையெழுத்தும் (பத்தி தொடங்கும் பெரிய எழுத்து) ஓரத்தில் கொஞ்சம் கொடி அலங்காரமும் இருந்தால் முதல் ஏட்டுக்குப் போதும்.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: இந்த ஏடு நூலிலிருந்து எப்போது பிரிந்தது? அமெரிக்காவின் க்ளீவ்லண்டில் இருந்த ஓட்டோ ஈகே என்ற சேகரிப்பாளர் (இறப்பு 1951) சுவடிகளைப் பிரித்து, 50 ஏடுகள் கொண்ட 40 பெட்டிகள் வரும்படி அடுக்கினார். அப்படி எப்போதோ சிதறிப்போனதை வாங்குவதில் எனக்கு உறுத்தல் இல்லை. நேற்று வரை முழு நூலாக இருந்ததைக் கத்தி வைத்துப் பிரித்து விற்பவரிடம் நான் வாங்குவதில்லை.

படி 2: லென்ஸ் (நான் விழுந்த இடம்)

நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் போதும். கணினியில் செருகும் மலிவு நுண்ணோக்கியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

என் முதல் ஏடு ‘15ஆம் நூற்றாண்டு, பாரிஸ், கையெழுத்து’ என்ற குறிப்போடு வந்தது. தோல்தாள் உண்மை. சிவப்பும் நீலமும் பூசிய கட்டத்துக்குள் பொன் எழுத்து, அதுவும் உண்மை. மூன்று மாதம் அதை மேசையில் வைத்து ரசித்தேன். ஒரு நாள் லென்ஸை வைத்தபோது மூன்றாம் வரியில் ஒரு ‘ஜி’ கண்ணில் பட்டது. வால் இடப்பக்கம் சற்றுச் சப்பையாக இருந்தது. ஒன்பதாம் வரி ‘ஜி’யும் அச்சு அசல் அதே சப்பை. பதினான்காம் வரியிலும் அப்படியே. இறகுப் பேனா பிடித்த எந்தக் கையும் இப்படி எழுதாது. ஏட்டைத் திருப்பி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், எழுத்துகள் தோலில் அழுந்திய தடம் தெரிந்தது.

அது அச்சிட்ட ஏடு. 1490களில் பாரிஸில் பிகூஷே போன்ற அச்சகர்கள் இந்த ஜெப நூல்களைத் தோல்தாளிலேயே அச்சிட்டார்கள். தலையெழுத்துக்கு மட்டும் கையால் வண்ணமும் பொன்னும் பூசுவார்கள். போலி இல்லை, நான் காசு கொடுத்த பொருளும் இல்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

எனவே இப்படிப் பாருங்கள். ஒரே எழுத்தை ஐந்து இடத்தில் ஒப்பிடுங்கள். கையெழுத்தென்றால் ஐந்தும் கொஞ்சமாவது மாறும். மையின் அடர்த்தியைக் கவனியுங்கள். பேனாவை மையில் தொட்டதும் கருமை, போகப் போகப் பழுப்பு, அப்புறம் மறுபடி கருமை. அச்சு மை எங்கும் ஒரே கறுப்பு. நுண்ணிய புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால அச்சுப் படம், பேச்சே வேண்டாம். பொன்னைச் சாய்த்துப் பாருங்கள்: சுண்ணப்பூச்சின் மேல் ஒட்டி மெருகேற்றிய பொன் லேசாகப் புடைத்து நிற்கும், விரிசலும் விட்டிருக்கலாம்.

படி 3: தோலைத் தடவுங்கள்

முடி இருந்த பக்கம் சற்று மஞ்சள், மயிர்க்கால் புள்ளிகள் தெரியலாம். சதைப் பக்கம் வெளுப்பு. அவ்வளவுதான்.

படி 4: வாசியுங்கள்

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ‘தோமினே லாபியா மேயா’ என்று தொடங்கினால் அது விடியல் ஜெபத்தின் முதல் பக்கம். டி, என், எஸ் மூன்றெழுத்தும் தலையில் ஒரு கோடும் இருந்தால் ‘தோமினுஸ்’. எம், என், யூ எல்லாம் ஒரே மாதிரி குட்டைச் செங்குத்துக் கோடுகள்தான், எண்ணித்தான் பிரிக்க வேண்டும். சுருக்கெழுத்துகளுக்குக் கப்பெல்லியின் அகராதியை மிஞ்ச ஒன்றுமில்லை.

*பின்சேர்க்கை:* ‘மிசெரேரே மேயி தேயுஸ்’ என்று தொடங்கும் ஏட்டுக்கு விற்பவர் 50ஆம் சங்கீதம் (பைபிளில் உள்ள பாடல்) என்று குறித்திருக்கிறார், நம் பைபிளில் 51 அல்லவா, ஏமாற்றா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. லத்தீன் பைபிள் நம்முடைய 9, 10ஐ ஒன்றாக எண்ணுவதால், பெரும்பாலான சங்கீதங்களுக்கு அங்கே ஓர் எண் குறையும்.

படி 5: தருவித்தலும் வைத்தலும்

இங்கிலாந்திலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ வாங்கினால், 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிக்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும், விலை எவ்வளவு குறைவானாலும் சரி. பணம் கட்டும் முன்பே அதை யார் எடுப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்ட ஃப்ரேம் போடும்போது கண்ணாடி ஏட்டைத் தொடக் கூடாது. அமிலமில்லா அட்டையில், ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கீல்போல் வைத்து, கோதுமைப் பசையால் ஒட்டுங்கள். லேமினேஷன் கடைப்பக்கமே போகாதீர்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* மழைக்காலத்தில் ஏடு அப்பளம்போல் நெளிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சினால் நெளியத்தான் செய்யும். இஸ்திரிப் பெட்டி வைத்துவிடாதீர்கள், சூட்டில் தோல் சுருங்கிவிடும். வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள்.