மதுரையிலிருந்து லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுவது எப்படி

பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டனுக்குக் கிளம்பும் அம்மா அப்பா முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம்ப்பா உட்கார்ந்தே இருக்கணும்?" என்பதுதான். இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டியது டிக்கெட் போடும் நம் பொறுப்பு.

முதலில் தூரம். கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து மதுரை விமான நிலையத்தில் ஒரு புள்ளி, லண்டனின் ஹீத்ரூ விமான நிலையத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சுமார் 8,350 கிலோமீட்டர் வரும். சுவரில் மாட்டியிருக்கும் மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை, அதன் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எப்படிப் போகுமோ அதுதான் குறுக்குவழி.

ஆனால் மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது, அதனால் எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. துபாய் வழி என்றால் 2,950, அப்புறம் 5,500, ஆக 8,450 கிலோமீட்டர். நேர்வழியைவிட நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். அதே லண்டனுக்கு சிங்கப்பூர் வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால், கிழக்கே 3,000 கிலோமீட்டர் போய், அங்கிருந்து திரும்ப மேற்கே கிட்டத்தட்ட 10,900 பறக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சிட்னி போகிறவர்களுக்கு சிங்கப்பூர் நல்ல வழி.

நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு: தூரத்தை 850-ஆல் வகுத்து, விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய்க்கு 4 மணி நேரம், அங்கிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம் வரும். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் போகும்போது இன்னும் அரை மணி நேரம் கூடலாம், ஊர் திரும்பும்போது அந்தக் காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

டிக்கெட்டில் போட்டிருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். மதுரையில் பகல் 12:00-க்கு ஏறி துபாயில் 2:30-க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் 4 மணி நேரம். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதிவிட்டால் குழப்பமே வராது.

அந்தத் தாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் சேருங்கள். தேனி, போடி பக்கம் இருந்து வருபவர்களுக்கு ரோட்டிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்கவும் வேண்டும், நடுவில் துபாயில் காத்திருப்பு வேறு. பறப்பது 11 மணி நேரம்தான் என்றாலும் வீட்டிலிருந்து வீடு வரை 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கும்படி பாருங்கள்; தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் புது டிக்கெட் நம் செலவு.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்களாக இருந்தால் இந்தத் தாளை டாக்டரிடம் காட்டி, எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட வேண்டாம்.