ஒரு தடவை அழுத்தினால் ஐந்தாறு படம்: செல்ஃப் ரைமர் வைப்பது எப்படி

நல்லூர்த் திருவிழாவோடு கனடா, லண்டன் சொந்தங்கள் வந்து இறங்கினால் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் ஒரு குடும்பப் படம் எடுத்தே ஆகவேண்டும். கமரா வைத்திருப்பவர் மட்டும் அந்தப் படத்தில் இருக்கமாட்டார். பட்டனை அழுத்திச் சில செக்கன் கழித்துத் தானாகவே படம் எடுக்கும் செல்ஃப் ரைமர் தெரிந்தவர்களும் ஒரு படத்துக்கு மட்டும் அதை வைத்துவிட்டு ஓடிப்போய் நின்று, திரும்பி வந்து பார்த்து, சித்தப்பா கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடியும் ஓடுகிறார்கள். வரிசையாகப் பல படங்கள் எடுக்கும் வசதி அதே கமராவில் இருக்கிறது.

அதுவும் முதல் படம் பெரும்பாலும் உதவாது. எல்லோரும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்து நிற்பார்கள். சத்தம் கேட்டபிறகு, "எடுத்தாச்சோ?" என்று கேட்டுச் சிரிக்கிற மூன்றாவது, நான்காவது படங்களில்தான் முகம் முகமாக இருக்கும்.

முதலில் இடம்

காலை வெயில் ஏறமுதல், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு எடுங்கள். மணல் முற்றம் இருந்தால் நல்லது, கீழிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே விழும் கறுப்பைக் குறைக்கும். அம்மம்மா, அப்பப்பாவுக்குக் கதிரை போட்டு மற்றவர்களைப் பின்னால் நிறுத்துங்கள், உங்களுக்கு ஓர் ஓரத்தில் இடம் விட்டு வையுங்கள். முக்காலி இல்லையென்றால் மதில் போதும். பண்ணைக் கடற்கரையில் எடுப்பதென்றால் சோளகக் காற்று முக்காலியைச் சாய்த்துவிடும். கீழேயுள்ள மெல்லிய கால்களை இழுக்காமல், கமராப் பையை நடுத்தண்டில் தொங்கவிடுங்கள்.

அடுத்தது ரைமர்

நிக்கொனின் தொடக்கநிலை கமராக்களில் மெனுவுக்குள் செல்ஃப் ரைமர் என்ற இடத்தில் எத்தனை செக்கன், எத்தனை படம் என்று கேட்கும். 1 முதல் 9 படம் வரை வைக்கலாம், ஏறத்தாழ 4 செக்கன் இடைவெளியில் எடுக்கும். நிக்கொன் டி7000 போன்றவற்றில் அந்த இடைவெளியையும் அரைச் செக்கன் முதல் 3 செக்கன் வரை நீங்களே தெரிவுசெய்யலாம். கனொனில் ரைமர் படத்துக்குப் பக்கத்தில் சி என்ற ஆங்கில எழுத்து இருப்பதைத் தெரிவுசெய்து, மேல் கீழ் பட்டன்களால் 2 முதல் 10 வரை எண்ணிக்கை வையுங்கள். சோனியில் பெரும்பாலும் 3 அல்லது 5.

10 செக்கன், 5 படம் என்று தொடங்குங்கள். இடைவெளி கேட்டால் 2 செக்கன். அரைச் செக்கன் வைத்தால் ஐந்து படத்திலும் எல்லோர் முகமும் ஒரேமாதிரித்தான் இருக்கும்.

போக்கஸ்

பழுதாவது அநேகமாக இங்கேதான், அவசரப்படாதீர்கள். கமராவுக்கு முன்னால் நின்றுகொண்டு பட்டனை அழுத்தினால் அது உங்கள் கையையோ வயிற்றையோ போக்கஸ் செய்துவிடும், சிலவேளை போக்கஸ் கிடைக்காமல் ரைமரே ஓடாது. கமராவுக்குப் பின்னால் நின்று, முன்வரிசையில் நடுவில் இருப்பவரின் கண்ணில் போக்கஸ் புள்ளியை வைத்துப் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பிடித்ததும் லென்ஸின் பக்கத்திலுள்ள சுவிட்சை ஆட்டோவிலிருந்து மனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். அதன்பிறகு லென்ஸையும் தொடாதீர்கள், கதிரையையும் நகர்த்தாதீர்கள். இரண்டு வரிசை என்றால் அபேச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவை, 8 இல் (f/8) வைத்து, வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஷட்டர் வேகம் 1/125 செக்கனைவிட மெதுவானால் அசையும் குழந்தைகள் படத்தில் கலங்கலாகத் தெரிவார்கள்.

கண் வைத்துப் பார்க்கும் துளையுள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்று. பட்டனை அழுத்திவிட்டு நீங்கள் விலகியதும், பின்னால் இருக்கும் பின்னேர வெயில் அந்தத் துளை வழியாக உள்ளே போய் வெளிச்சக் கணக்கைக் குழப்பும், படம் இருண்டு வரும். கனொன் கமராக்களின் தோள்பட்டியில் கோர்த்திருக்கும் சிறு ரப்பர் துண்டு அதை மூடத்தான். இல்லாவிட்டால் ஒரு கறுப்புத் துணி போதும்.

பிளாஷ் வேண்டாம். நிக்கொனின் பல கமராக்களில் பிளாஷ் அடித்தால் நீங்கள் எத்தனை படம் வைத்திருந்தாலும் ஒன்றோடு நின்றுவிடும்.

சரி, அழுத்துங்கள்

விளக்கு மினுங்கத் தொடங்கும். ஓடாமல் நடந்தே போகலாம், 10 செக்கன் தாராளம். நிக்கொனில் கடைசி 2 செக்கனில் பீப் சத்தம் வேகமாகும், அப்போது நிமிர்ந்தால் போதும். "ஐந்து படம் விழும், நான் சொல்லும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் சத்தத்தோடு மாமி தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்.

எல்லோரையும் கலையவிட முன்னர் திரையில் பெருப்பித்து ஒவ்வொருவர் கண்ணையும் பாருங்கள். முடிந்ததும் லென்ஸை மீண்டும் ஆட்டோவுக்கும், ரைமரைச் சாதாரண நிலைக்கும் மாற்றுங்கள். சில கமராக்களில் அது தானாக மாறாது. பிறகு தேர் வெளிக்கிடும் நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டு 10 செக்கன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிவரும்.