அந்தரங்கம் காக்கப் புறப்பட்டவர்கள் சறுக்கும் இடங்கள்

செட்டிநாட்டில் இன்று வாட்ஸ்அப் குழு இல்லாத வளவு (பங்காளிகள் பலருக்கும் பொதுவான பூர்வீக வீடு) அபூர்வம். பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில் இருப்பார்கள். வீடு மட்டும் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடக்கும். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு நாள் குறிப்பது, ஓடு மாற்றிய செலவைப் பங்கு போடுவது, பெண்ணின் ஜாதகத்தைச் சுற்றுக்கு விடுவது, பாகப்பிரிவினை வழக்கின் நிலவரம் எல்லாம் அந்தக் குழுவில்தான். அதிலேயே மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும் இருப்பார். சங்கேத முறைகளால் அந்தரங்கத்தைக் காக்க 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய சைஃபர்பங்க் கூட்டத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பார். "எல்லாரும் சிக்னல் செயலிக்கு மாறுங்கள்" என்று மாதம் ஒருமுறை வற்புறுத்துவார். அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் அவரும் அவரைப் போன்றவர்களும் வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

செயலியை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பது இதில் முதலாவது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்தே எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய சங்கேதமாக்கம்) தருகிறது. உள்ளே ஓடுவது சிக்னலின் நெறிமுறைதான். வழியில் யாரும் செய்தியைப் பிரித்துப் படிக்க முடியாது. வந்து சேர்ந்த பிறகு? கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் காப்புப் பிரதியை மறையாக்கம் செய்யும் வசதி 2021-இல்தான் வந்தது, அதையும் அமைப்புகளுக்குள் போய் நாமேதான் இயக்க வேண்டும். அறுபது பேர் உள்ள குழுவில் ஒரே ஒரு பெரியப்பா அதை இயக்காமல் விட்டாலும், குழுவின் பேச்சு முழுவதும் அவருடைய காப்புப் பிரதியில் திறந்தபடி கிடக்கும்.

டெலிகிராம் பற்றிய நம்பிக்கை இன்னும் விபரீதமானது. கைபேசி எண்ணை மறைத்துக்கொள்ளலாம் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே வழக்கமான அரட்டைகளும் எல்லாக் குழுக்களும் நிறுவனத்தின் சர்வரில், நிறுவனம் நினைத்தால் திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. இருவருக்கு இடையிலான 'ரகசிய அரட்டை'க்கு மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. அதையும் தேடிப்பிடித்துத் தொடங்க வேண்டும்.

எந்தச் செயலியானாலும் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் தோற்றுவிடுகிறது. பத்திரப் பதிவுக்கு வந்தவர் அவசரத்தில் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கிறார், தாய்ப்பத்திரத்தையும் ஆதாரையும் இறக்கி அச்செடுக்கிறார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார். கணக்கிலிருந்து வெளியேறவில்லை. இறக்கிய கோப்புகள் அந்தக் கணினியில் அப்படியே இருக்கின்றன, அடுத்த வாடிக்கையாளர் தன் கோப்பைத் தேடும்போது கண்ணில் படும் இடத்தில். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை இப்போதே திறந்து பாருங்கள். பெயர் தெரியாத கணினி ஏதாவது அதில் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஆதார் நகல் கேட்கும் தங்கும் விடுதிகளுக்கும் மற்றவர்களுக்கும், முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இதைத்தான் சொன்னது. பரபரப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இலக்கம் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கும் வசதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்தியின் உள்ளடக்கத்தை மறைத்தால் போதும் என்பது அடுத்த பிழை. பூட்டிய வீட்டைப் பொறுத்தவரை, குழுவில் என்ன பேசினார்கள் என்பதைவிட எந்தத் தேதியில் வீடு திறக்கும், எந்தத் தேதியில் எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்பதுதான் விலைமதிப்புள்ள தகவல். பர்மாத் தேக்குத் தூணும் தஞ்சாவூர் ஓவியமும் என்ன விலை போகும் என்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விசாரித்தால் தெரிந்துவிடும். படைப்பு முடிந்த மறுநாள், "எல்லாரும் கிளம்பிவிட்டோம்" என்று முகப்பில் நின்று எடுத்த படம் ஃபேஸ்புக்கில் பொதுவாகப் பதிவாகிறது. பின்னணியில் இரும்புப் பெட்டகம் இருக்கும் அறையின் கதவு தெரிகிறது. இதற்கு எந்த மறையாக்கமும் உதவாது. இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்துக்குள் ஒட்டியிருக்கும் இருப்பிட விவரம் கழன்றுவிடும். தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போகும். வீட்டை வாடகைக்கோ விலைக்கோ விட நினைப்பவர்கள் தரகர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அனுப்புகிறார்கள்.

உரிமைகள் பற்றி இணையத்தில் வாதாடுபவர்கள் புனைபெயரில் எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் நம்மவர்கள் புனைபெயருக்கு குடும்பத்தைக் குறிக்கும் 'விலாசம்' என்ற மூன்று முன்னெழுத்துகளையே எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் பிறந்த வருடத்தைச் சேர்க்கிறார்கள். செட்டிநாட்டு நகரத்தாரின் ஊர்கள் எழுபதுக்குச் சற்று மேல், குடும்பங்கள் பிரிந்து சேரும் கோயில்கள் ஒன்பது. "எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம், கோயில் இலுப்பைக்குடி, ஐயா பினாங்கில் கடை வைத்திருந்தார்கள்" என்று வெவ்வேறு நாளில் வெவ்வேறு பேச்சில் சிந்தியதைச் சேர்த்தால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி ஒருவர் இலை எடுப்பதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார். லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-இல் இதையே கணக்கிட்டுக் காட்டினார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும். நம் ஜாதகத் தாளில் இதைவிட அதிகம் இருக்கிறது: பிறந்த நேரம், தாயார் பிறந்த வீடு, சொந்த ஊர், வேலை, சம்பளம், கைபேசி எண். கடவுச்சொல் மறந்தால் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளில் பாதி அதிலேயே உண்டு. ஜாதகத்தை அனுப்ப வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தையும் முழு முகவரியையும் பேச்சு முன்னேறிய பிறகு தரலாம்.

சொந்தமாகச் சங்கேதம் கண்டுபிடிப்பதில் சிலருக்குத் தனி ஆனந்தம். வங்கிக் கடவுச்சொல்லைத் திருப்பி எழுதுவார்கள், ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளிப் போடுவார்கள். யாருக்கும் முறை தெரியாதவரை பத்திரம் என்பது அவர்கள் வாதம். 1883-இலேயே கெர்க்காஃப்ஸ் என்ற சங்கேத அறிஞர் இதை மறுத்துவிட்டார்: முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி ஒன்று மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற நிலையில்தான் சங்கேதம் அமைய வேண்டும். திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பு எத்தனையோ பட்டறைக்காரர்களுக்கு அத்துபடி. அதனால் உங்கள் வீட்டுப் பூட்டு திறந்துவிடுவதில்லை. இன்று வங்கிகள் பரவலாகப் பயன்படுத்தும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையும் இப்படிப் பகிரங்கப் போட்டி வைத்து, உலகத்து நிபுணர்கள் உடைத்துப் பார்த்த பிறகு 2001-இல் தரமாக்கப்பட்டதுதான்.

சட்டத்துக்கு வந்தால் இரண்டு பக்கமும் தடுமாற்றம். "ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவரிடம், மகளுக்கு வைத்த சீரின் பட்டியலைக் குழுவில் போடச் சொல்லிப் பாருங்கள். மறுபக்கம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததைப் பிடித்துக்கொண்டு, இனி யாரும் ஆதாரே கேட்க முடியாது என்பவர்கள். அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம் அரசு நலத்திட்டங்களுக்கும் பான் எண்ணுடன் இணைப்பதற்கும் ஆதாரைச் செல்லும் என்றது. அந்தரங்க உரிமைக்கும் எல்லை உண்டு. தொலைபேசி ஒட்டுக்கேட்பை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பும் ஒட்டுக்கேட்பை ஒழிக்கவில்லை. உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும், ஆணை இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டது.

இதில் ஆபத்தானது அமெரிக்க வாதத்தை அப்படியே இங்கே இறக்குவது. பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை 1991-இல் வெளியிட்ட ஃபில் சிம்மர்மன் மீது அமெரிக்க அரசு நடத்திய விசாரணை 1996-இல் வழக்கு ஏதும் இல்லாமல் கைவிடப்பட்டது. அந்தக் கதையைப் படித்த உற்சாகத்தில், "சாவியைக் கொடு என்று என்னைக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை" என்று இங்கே ஒருவர் மார் தட்டினால் அது தப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, முறையான ஆணை வந்த பிறகு மறையாக்கத்தை அவிழ்க்க உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அது சரியா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். இல்லாததுபோல் நடந்துகொள்ள முடியாது. "என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதி இல்லை" என்று ஆண்டுதோறும் சுற்றுக்கு வரும் அறிவிப்புக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது. பொதுச்சாவி, தனிச்சாவி என்று ஆச்சியிடம் விளக்கி அவர்களைக் களைப்படையச் செய்வதால் பயனில்லை. அவர்கள் கைபேசியை வாங்கி வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க எண் ஒன்றை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி கூடாது. இந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால், வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கக் குறுஞ்செய்தியில் வரும் எண்ணை யாரோ நயமாகக் கேட்டு வாங்கி, அவர்கள் பெயரிலேயே குழுவில் இருபதாயிரம் ரூபாய் அவசரமாகக் கேட்பார்கள். பினாங்கில் இருக்கும் பேரன் யோசிக்காமல் அனுப்பிவிடுவான். இங்கிருந்து யாராவது அனுப்பிவிட்டால், குழுவில் ஆலோசனை கேட்பதற்கு முன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.