ஓமர் எண்ணுவது எப்படி? 49 இரவுகளுக்கான செய்முறை

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவில் தொடங்கி, ஷவுவோத் எனும் வாரங்களின் பண்டிகைக்கு முந்தைய நாள் வரை 49 நாட்களை யூதர்கள் வாய்விட்டு எண்ணுகிறார்கள். கட்டளை வேதாகமத்தில் லேவியராகமம் 23:15-16இல் இருக்கிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 16ஆம் நாள் புது வாற்கோதுமையில் ஓர் ஓமர் (பழைய தானிய அளவை) எடுத்துக் காணிக்கை செலுத்துவார்கள். எண்ணிக்கை தொடங்குவதும் அன்றுதான். எண்ண அரை நிமிடம்கூட ஆகாது. 49 இரவும் விடாமல் எண்ணுவதில்தான் சிரமம்.

1. தேதியைக் குறியுங்கள். யூத நாள் மாலையிலேயே பிறந்துவிடும். 2027இல் பஸ்கா ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. ஆகவே முதல் எண்ணிக்கை ஏப்ரல் 22 இரவு, கடைசி எண்ணிக்கை ஜூன் 9 இரவு. நட்சத்திரங்கள் தெரியும் அளவுக்கு இருட்டிய பிறகே எண்ண வேண்டும். வட நாடுகளில் வாரத்துக்கு வாரம் இருட்டத் தாமதமாகும். ஏப்ரலில் வைத்த அலாரம் மே மாதத்தில் வெளிச்சம் இருக்கும்போதே அடித்துவிடும். அவ்வப்போது மாற்றி வையுங்கள்.

2. அன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்துகொண்டு எழுந்து நில்லுங்கள். ஆசி, அதாவது எண்ணுமுன் கடவுளைப் போற்றிச் சொல்லும் எபிரேய வாசகம், சொன்ன பிறகு அந்த எண்ணைத் தேடக்கூடாது.

3. ஆசி சொல்லுங்கள்: "பாருக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷேர் கித்ஷானு பெமிட்ஸ்வோதாவ், வெட்ஸிவானு அல் செஃபிராத் ஹாஓமர்." இடையில் வேறு பேச்சு வேண்டாம்.

4. உடனே எண்ணுங்கள். முதல் 6 இரவுகளில் நாள் மட்டும். 7இலிருந்து வாரமும் சேரும்: "இன்று ஓமரின் 10 நாட்கள், அதாவது 1 வாரம் 3 நாட்கள்." லாக் பஓமர் எனப்படும் 33ஆம் நாளில் 4 வாரம் 5 நாட்கள். பொருள் புரிந்து எண்ணுவதே முக்கியம் என்பதால் தமிழில் எண்ணினாலும் செல்லும்.

எங்கே தவறும்?

நீங்கள் எண்ணுமுன் ஒருவர் "இன்று எத்தனையாவது நாள்?" என்று கேட்டால், நேற்றைய எண்ணைச் சொல்லுங்கள். இன்றைய எண்ணைச் சொன்னால் அதுவே எண்ணியதாக ஆகிவிடக்கூடும். பிறகு ஆசி சொல்ல முடியாது.

இரவில் மறந்தால் மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஆசியில்லாமல் எண்ணுங்கள். அன்றிரவு முதல் வழக்கம்போல ஆசியோடு தொடரலாம். முழு நாளும் தவறினால், மீதி இரவுகளில் ஆசியில்லாமல் எண்ணுவதே வழக்கம். 49 நாளும் சேர்ந்து ஒரே கட்டளை என்பது ஒரு கருத்து. ஒவ்வொரு இரவும் தனிக் கட்டளை என்பது இன்னொன்று. இந்த ஐயத்தால் ஆசியைத்தான் விடுகிறார்கள், எண்ணுவதை விடுவதில்லை. இதை நினைத்து மனம் தளராதீர்கள்; தயவுசெய்து தொடர்ந்து எண்ணுங்கள். ஆசி சொல்லும் ஒருவரைக் கேட்டு "ஆமென்" சொல்லிவிட்டு எண்ணுவது நல்ல வழி. நேற்று எண்ணினோமா என்று வெறும் சந்தேகம்தான் என்றால், ஆசியோடே தொடரலாம்.

வெள்ளிக்கிழமைகளில் கூடுதல் கவனம் தேவை. சப்பாத் எனும் வார ஓய்வுநாளை வெளிச்சத்திலேயே வரவேற்றுவிட்டு விருந்துக்கு உட்கார்ந்தவர்கள், இருட்டிய பிறகு எண்ண மறந்துபோவது சகஜம். வீட்டில் ஒருவரை நினைவூட்டச் சொல்லி வையுங்கள்.

ஷவுவோத் இரவில் எண்ணிக்கை கிடையாது. ஆனால் "ஏழு வாரங்களும் நிறைவாக" என்று கட்டளை சொல்வதால், 49ஆம் நாள் முழுதாக முடிய, நன்றாக இருட்டிய பிறகே அன்றைய மாலைத் தொழுகையைத் தொடங்குவார்கள்.